இறந்தவருக்குப் போன வாழ்த்துக் கடிதம்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கோவையில் பம்ப் தொழிற்சாலை. ஃபவுண்டரி, மெஷின் ஷாப், அலுவலகம் எல்லாம் சேர்த்து முந்நூறு பேருக்கு மேல். இதுவரை எக்செல் தாளிலும் டைம் ஆபீஸ் பதிவேட்டிலும் ஓடிய சம்பள, வருகைக் கணக்கை மென்பொருளுக்கு மாற்றப் போகிறீர்கள். விற்க வந்த மூன்று நிறுவனங்களும் தங்கள் மென்பொருள் ‘மனித மதிப்புகளை மையமாகக் கொண்டது’ என்று படம் போட்டுக் காட்டியிருக்கின்றன. ஒரு மென்பொருளுக்குள் மனித மதிப்பு எப்படி இருக்க முடியும், இருந்தால் அதை எங்கே பார்ப்பது என்று கேட்கிறீர்கள்.

சம்பளக் கணக்கு, வருகைப் பதிவு மென்பொருள்களை நிறுவனங்களில் அமைத்துக் கொடுப்பதுதான் பதினெட்டு ஆண்டுகளாக என் தொழில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இருக்க முடியும். ஆனால் அவர்கள் படம் காட்டிய பக்கத்தில் தேடாதீர்கள். பிறந்தநாள் கேக் படம், பாராட்டுப் பதக்கம், ‘இன்று உங்கள் மனநிலை எப்படி?’ என்று கேட்கும் சிரிப்பு முகம், இவையெல்லாம் கல்யாண வீட்டு வாசலில் தெளிக்கும் பன்னீர். நீங்கள் சமையல்கட்டுக்குள் போக வேண்டும். தெரிவுப் பட்டியல்களில் எந்தெந்த வரி விட்டுப்போயிருக்கிறது? எந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் கட்டாயம் என்ற நட்சத்திரக் குறி இருக்கிறது? யாரும் எதுவும் செய்யாமல் விட்டால் மென்பொருள் தானாக யார் பக்கம் முடிவெடுக்கிறது? தவறு நடந்தால் அலைய வேண்டியது யார்?

எனக்கே இது உறைத்த நாள் ஒன்று உண்டு. ஒரு நிறுவனத்துக்கு நாங்கள் அமைத்துக் கொடுத்த மென்பொருளில், வேலையை விட்டுப் போகும் காரணத்துக்கு நான்கு தெரிவுகள் வைத்திருந்தோம்: ராஜினாமா, பணி ஓய்வு, ஒப்பந்த முடிவு, பணிநீக்கம். அங்கே வேலை பார்த்த ஓர் இளைஞர் சாலை விபத்தில் இறந்துபோனார். மனிதவளப் பிரிவில் இருந்த பெண் பட்டியலைத் திறந்து பார்த்தார். இறப்பு என்று ஒரு வரியே இல்லை. மாதக் கடைசி, சம்பளம் ஓட வேண்டும். வேறு வழியில்லாமல் ‘ராஜினாமா’ என்று பதிந்தார். மென்பொருள் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. ‘உங்கள் எதிர்கால முயற்சிகள் சிறக்க வாழ்த்துகிறோம்’ என்று அவருடைய சொந்த மின்னஞ்சலுக்கு ஒரு கடிதம் போனது. அதோடு இணைத்திருந்த கணக்கில், முன்னறிவிப்பு இல்லாமல் விலகியதற்காக ஒரு மாதச் சம்பளப் பிடித்தமும் இருந்தது. கடிதத்தைத் திறந்து படித்தவர் அவர் மனைவி.

இதில் கல்நெஞ்சக்காரர் என்று யாரும் இல்லை. அந்தப் பட்டியலை எழுதியவன் நான். ஐந்தாவது வரி ஒன்று வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஒரு வரி இல்லாததால் பணமும் போயிருக்கும். அவர் வேலை பார்த்தது மூன்று ஆண்டு பத்து மாதம். பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) ஐந்தாண்டுப் பணி வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். இறப்பு நேர்ந்தால் அந்த ஐந்தாண்டு நிபந்தனை கிடையாது என்பது 1972 பணிக்கொடைச் சட்டத்திலிருந்தே உள்ள விதி. ஓர் ஆண்டுப் பணிக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்ற கணக்கில் வாரிசுக்குக் கொடுத்தாக வேண்டும். பி.எஃப். சந்தாதாரர் பணியில் இருக்கும்போது இறந்தால், அதோடு இணைந்த காப்பீட்டுத் திட்டத்தில் 7 லட்சம் ரூபாய் வரை குடும்பத்துக்குக் கிடைக்கும். துணைவருக்கும் குழந்தைகளுக்கும் ஓய்வூதியம் தனியாக உண்டு. ‘ராஜினாமா’ என்ற ஒரு சொல் இவை அத்தனையையும் மறைத்துவிட்டது. இப்போது நான் அமைக்கும் எந்த மென்பொருளிலும் ‘இறப்பு’ என்று பதிந்த உடனே மூன்று காரியம் நடக்கும். தானாகப் போகும் எல்லாக் கடிதமும் வாழ்த்தும் நிற்கும். குடும்பத்துக்கு என்னென்ன சேர வேண்டும் என்ற பட்டியல் மனிதவளப் பிரிவின் திரையில் வந்து நிற்கும், ஒவ்வொன்றும் முடியும்வரை போகாது. வீட்டுக்கு நேரில் போய்ப் பேச வேண்டியவர் யார் என்று ஒரு பெயரைக் கேட்கும். இதற்குச் செயற்கை நுண்ணறிவு எதுவும் தேவைப்படவில்லை. இரண்டு நாள் வேலை.

இதே வகையில் இன்னொன்று. ஊழியர் ‘திருமணமாகாதவர்’ என்பதை ‘திருமணமானவர்’ என்று மாற்றினால் பெரும்பாலான மென்பொருள்கள் பூங்கொத்துப் படம் அனுப்புகின்றன. திருமணத்துக்கு முன் போட்ட பி.எஃப். வாரிசு நியமனம் திருமணத்துக்குப் பின் செல்லாமல் போகலாம், புதிதாகப் போடுங்கள் என்று ஒரு வரி சொல்லும் மென்பொருளை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். பூங்கொத்தைவிட அந்த ஒரு வரியில் அக்கறை அதிகம்.

பெயருக்கு வருவோம். நம் ஊரில் இது தீராத தலைவலி. முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம், இரண்டும் கட்டாயம். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்துதான் உண்டு. எஸ். முருகன் என்பவர் இரண்டாவது கட்டத்தில் ‘எஸ்’ என்று போட்டால், ‘குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும்’ என்று மென்பொருள் திருப்பி அனுப்பும். சுப்ரமணியன் என்று விரித்துப் போடுவார். மறுநாளிலிருந்து ‘அன்புள்ள சுப்ரமணியன்’ என்று கடிதம் வரும். அப்பா எப்போதோ காலமாகியிருப்பார். வெளிநாட்டுக் கிளையுடன் வேலை செய்யும் பெண்கள் சிலர் பத்து ஆண்டுகளாகத் தந்தையின் பெயரால் அழைக்கப்பட்டு, அதற்குப் பதில் சொல்லவும் பழகிவிட்டார்கள். மரியாதைக் குறைவு என்பது ஒரு புறம். ஆதாரில் ஒரு மாதிரி, பான் அட்டையில் ஒரு மாதிரி, நிறுவனப் பதிவில் மூன்றாவது மாதிரி என்று பெயர் கிடந்தால் பி.எஃப். பணம் எடுக்கும்போது விண்ணப்பம் திரும்பும். நடையாய் நடக்க வேண்டியது மென்பொருள் எழுதியவர் அல்லவே. வலைத்தளத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் வழிகாட்டுதலே, தேவை இல்லாவிட்டால் பெயரைப் பிரிக்காதீர்கள், முழுப்பெயருக்கு ஒரே கட்டம் வையுங்கள், எப்படி அழைக்க வேண்டும் என்று தனியாகக் கேளுங்கள் என்கிறது. அதோடு நம் ஊருக்கு ‘ஆதாரில் உள்ளபடி’ என்று இன்னொரு கட்டம் சேர்த்தால் போதும்.

அடுத்தது உங்கள் ஃபவுண்டரி. விரல்ரேகை இயந்திரம் வைக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். மணலிலும் சூட்டிலும் வேலை செய்கிறவர்களின் ரேகை தேய்ந்துபோயிருக்கும். காலை ஷிப்ட் தொடங்கும்போது இயந்திரத்தின் முன் நாற்பது பேர் வரிசையில் நிற்பார்கள்; அதில் ஐந்தாறு பேருக்கு ‘மீண்டும் வைக்கவும்’ என்று வந்துகொண்டே இருக்கும். கடைசியில் அவர்கள் உள்ளே போய் வேலை பார்ப்பார்கள், கணக்கில் ‘ஆப்சென்ட்’ என்று விழும், மாதக் கடைசியில் சம்பளம் குறையும். வந்தேன் என்று நிரூபிக்க சூப்பர்வைசரைத் தேடிப் போக வேண்டியது தொழிலாளி. மதிப்பு என்று நான் சொல்வது இந்த இடத்தில்தான் இருக்கிறது. ரேகை பதியாமல் போனால் ‘வந்தார்’ என்று தற்காலிகமாக எடுத்துக்கொண்டு, இல்லை என்றால் இரண்டு நாளுக்குள் சூப்பர்வைசர் மறுக்கட்டும் என்று அமைக்கலாம். அதே இயந்திரம், அதே மென்பொருள், ஒரே ஓர் அமைப்பு மாற்றம். சந்தேகத்தின் பலனை யாருக்குக் கொடுக்கிறோம் என்பது மட்டும் மாறுகிறது. முகம் பார்த்துப் பதியும் கருவியோ அடையாள அட்டையோ மாற்று வழியாக இருக்கட்டும்.

‘மூன்று நாள் தாமதம் என்றால் அரை நாள் சம்பளம் வெட்டு’ என்ற விதியை எல்லா மென்பொருளும் தயாராக வைத்திருக்கும். ஒரு தட்டு தட்டினால் இயங்கும். வேலைக்கு வராத நேரத்தின் விகிதத்துக்கு மேல் சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது என்பது 1936 ஊதியப் பட்டுவாடாச் சட்டத்தில் தொடங்கி 2019 ஊதியச் சட்டத் தொகுப்புவரை தொடரும் விதி. மூன்று நாளும் பத்துப் பத்து நிமிடம் பிந்தியவருக்கு நான்கு மணி நேரச் சம்பளத்தைப் பிடித்தால் அது எந்த விகிதம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மென்பொருளில் வசதி இருக்கிறது என்பதாலேயே அது சட்டப்படி சரி என்று ஆகிவிடாது.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். பழைய டைம் ஆபீஸ் காலம் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. பென்சிலால் திருத்தும் பதிவேடு முகம் பார்க்கும். சொந்தக்காரப் பையன் அரை மணி பிந்தினால் எட்டு மணி. வேறு தெருக்காரன் ஐந்து நிமிடம் பிந்தினால் எட்டரை. விடுப்பு கேட்பவரின் சாதியும் ஊரும் விடுப்போடு சேர்ந்து எடைபோடப்பட்ட இடங்களை நான் பார்த்திருக்கிறேன். எல்லோருக்கும் ஒரே விதி என்பதே பெரிய மனித மதிப்பு. அதை மென்பொருள் கொண்டுவந்தது. அந்தப் பதிவேட்டுக்காரருக்கு இவன் மனைவிக்குப் பிரசவம், இவன் அம்மா ஆஸ்பத்திரியில் என்று தெரிந்திருந்ததே, அந்த அறிவை மட்டும் வெளியே விட்டுவிட்டோம்.

துக்க விடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் எழுதிய மென்பொருளில் ‘நெருங்கிய குடும்பம்’ என்றால் பெற்றோர், துணைவர், பிள்ளைகள், மிஞ்சினால் உடன்பிறந்தோர். சித்தி வளர்த்த பிள்ளை, தாய்மாமன் படிக்க வைத்த பெண் எல்லாம் அந்தப் பட்டியலில் எங்கே போவார்கள்? மூன்று நாள் விடுப்பு உண்டு, ஆனால் தொடர்ச்சியாக எடுக்க வேண்டும் என்று ஒரு கட்டுப்பாடு. நம் வீடுகளில் இறந்த அன்றும் மறுநாளும் வேண்டும், பிறகு பதினாறாம் நாள் கருமாதிக்கு வேண்டும். தொடர்ச்சி என்ற ஒரு சொல்லால் கருமாதி நாள் சொந்த விடுப்பில் போகிறது. ‘ஒரு மாதத்துக்குள் பிரித்து எடுக்கலாம்’ என்று மாற்றினால் நிறுவனத்துக்கு ஒரு பைசா கூடுதல் செலவில்லை. கணவரை இழந்த முஸ்லிம் பெண்ணுக்கு இத்தா காலம் நான்கு மாதம் பத்து நாள். அதற்கு எந்த மென்பொருளிலும் ஆயத்தமான வரி இருக்காது. அங்கே தேவை ‘மனிதவளப் பிரிவோடு பேச வேண்டும்’ என்று ஒரு பொத்தான். இறப்புச் சான்றிதழை இணைக்காமல் விண்ணப்பம் நகராது என்ற நட்சத்திரக் குறியை எடுத்துவிடச் சொல்லுங்கள். சுடுகாட்டிலிருந்து யாரும் பி.டி.எஃப். ஏற்ற மாட்டார்கள்.

கருச்சிதைவு ஏற்பட்ட பெண்ணுக்கு ஆறு வாரச் சம்பளத்துடன் விடுப்பு என்பது 1961 மகப்பேறு நலச் சட்டத்திலிருந்தே உள்ள விதி. 2017 திருத்தத்தில் வந்த 26 வார விடுப்பு எல்லா மென்பொருளிலும் இருக்கிறது. இந்த ஆறு வாரத்தைத் தேடிப் பாருங்கள். இருந்தாலும், விடுப்பின் பெயர் குழுத் தலைவரின் திரையிலும் பொது நாட்காட்டியிலும் அப்படியே தெரிகிறதா என்று பாருங்கள். ‘விடுப்பில் இருக்கிறார்’ என்பதற்கு மேல் சக ஊழியர்களுக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை. மதிப்பீட்டுப் பகுதியிலும் ஒரு சோதனை செய்யலாம்: ஆறு மாதம் மகப்பேறு விடுப்பில் இருந்தவரின் ஆண்டு மதிப்பெண்ணை மென்பொருள் பன்னிரண்டால் வகுக்கிறதா, வேலை பார்த்த ஆறு மாதத்தால் வகுக்கிறதா?

ஷிப்ட் அட்டவணை பற்றி உலகம் கற்ற பாடம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஸ்டார்பக்ஸ் கடைகளில் விற்பனை ஏற்ற இறக்கத்தைப் பார்த்து மென்பொருளே ஆட்களை ஒதுக்கும். இரவு பதினொன்றுக்குக் கடையை மூடியவரே விடியற்காலை வந்து திறக்க வேண்டியிருந்தது. அடுத்த வாரம் எந்தெந்த நாள் வேலை என்பது சில நாள் முன்னால்தான் தெரிந்தது. குழந்தையை யாரிடம் விடுவது என்று தெரியாமல் தவித்த ஒரு தாயின் வாழ்க்கையை 2014 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் விரிவாக எழுதியது. மறுநாளே நிறுவனம், மூடியவரே திறக்கும் வழக்கத்தை நிறுத்துவதாகவும், அட்டவணையைக் குறைந்தது ஒரு வாரம் முன்பே தருவதாகவும் அறிவித்தது. சியாட்டில் நகரம் அதற்கு ஒரு சட்டமே கொண்டுவந்து 2017 ஜூலையிலிருந்து நடைமுறைப்படுத்தியது: பதினான்கு நாள் முன்னறிவிப்பு, இரண்டு ஷிப்டுகளுக்கு நடுவே பத்து மணி நேர ஓய்வு.

அப்படிச் செய்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று முதலாளிகள் சொல்வது வழக்கம். கேப் துணிக்கடை நிறுவனம் சான் பிரான்சிஸ்கோவிலும் சிகாகோவிலும் உள்ள 28 கடைகளில் ஆய்வாளர்களோடு சேர்ந்து சோதித்துப் பார்த்தது. அந்த ஆய்வாளர்களில் பேராசிரியர் சரவணன் கேசவனும் ஒருவர். வேலை நேரத்தை முன்கூட்டியே நிலைப்படுத்தினார்கள். மேலாளரைக் கெஞ்சாமல் ஊழியர்களே கைப்பேசிச் செயலியில் ஷிப்டை மாற்றிக்கொள்ளவும் விட்டார்கள். 2018இல் வெளியான முடிவின்படி விற்பனை 7 சதவீதமும் உழைப்புத் திறன் 5 சதவீதமும் கூடின. உங்கள் மெஷின் ஷாப்புக்கும் துணிக்கடைக்கும் வித்தியாசம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இரண்டு ஷிப்டுக்கு நடுவே குறைந்தபட்ச இடைவெளி என்ற எண்ணை மென்பொருளில் பூட்டி வைக்க முடியுமா, சூப்பர்வைசர் அதை மீறினால் காரணம் எழுத வேண்டியிருக்குமா என்று கேளுங்கள். ஷிப்டைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளும் வசதி தமிழிலும், உங்களிடம் வேலை பார்க்கும் வடமாநிலத்தவருக்காக இந்தியிலும் ஒடியாவிலும் இருக்குமா என்றும் கேளுங்கள். சம்பள ரசீதுக்கும் இதே கேள்வி.

சம்பளம் சரியாக, சரியான நாளில் வருவதைவிடப் பெரிய மதிப்பு தொழிலாளிக்கு வேறில்லை. கனடாவின் கதையைக் கேட்டால் இது புரியும். மத்திய அரசு ஊழியர்களுக்காக ‘பீனிக்ஸ்’ என்ற சம்பள மென்பொருளை 2016இல் இயக்கினார்கள். பலருக்குக் குறைவாக வந்தது, சிலருக்கு அதிகமாக, சிலருக்கு வரவே இல்லை. அடுத்த ஆண்டு தலைமைத் தணிக்கையாளர் பார்த்தபோது ஒன்றரை லட்சம் பேருக்குச் சம்பளச் சிக்கல் தீராமல் கிடந்தது. மென்பொருள் கோளாறு என்று இதைச் சுருக்கிவிடுகிறார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. புதிய மென்பொருள் வந்தால் ஆள் தேவையில்லை, ஆண்டுக்கு 7 கோடி டாலர் மிச்சம் என்று கணக்குப் போட்டு, பல துறைகளில் இருந்த சுமார் 1,200 சம்பள ஆலோசகர் பணியிடங்களை எடுத்துவிட்டு, மிராமிச்சி என்ற ஒரே ஊரில் சுமார் 550 பேரை வைத்தார்கள். செலவும் கெடுவும் மீறாமல் இருக்க மென்பொருளில் சில முக்கியக் கணக்கு முறைகளையும் வெட்டினார்கள்; முன்தேதியிட்ட சம்பள உயர்வைக் கணக்கிடும் பகுதியும் அதில் அடக்கம். முன்னோட்ட ஓட்டத்தையும் கைவிட்டார்கள். தவறு நடந்தபோது, ஊழியரின் ஓவர்டைமும் பதவி உயர்வும் தெரிந்த ஆள் அவர் அலுவலகத்தில் இல்லை. உங்கள் டைம் ஆபீஸில் முப்பது ஆண்டு அனுபவமுள்ளவர் ஒருவர் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். மென்பொருள் வந்த மாதமே அவரை வழியனுப்பிவிடாதீர்கள். ஓராண்டாவது இருக்கட்டும்.

ஆள் எடுக்கும் செயற்கை நுண்ணறிவு பற்றி நீங்கள் கேட்கவில்லை. விற்பவர் நிச்சயம் பேசுவார். அமேசான் 2014 முதல் அப்படி ஒன்றை உருவாக்கிப் பார்த்தது. பத்தாண்டுகளில் வந்த விண்ணப்பங்களைக் கற்றுக்கொள்ளக் கொடுத்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. பெண்கள் சதுரங்கக் கழகத் தலைவி என்று விண்ணப்பத்தில் இருந்தால் அது மதிப்பெண்ணைக் குறைத்தது. 2018இல் ராய்ட்டர்ஸ் இதை வெளியிட்டபோது நிறுவனம் அந்தக் கருவியை ஏற்கெனவே கைவிட்டிருந்தது. முந்நூறு பேர் வேலை பார்க்கும் இடத்துக்கு இது தேவையே இல்லை. பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

அலுவலகப் பிரிவில் யார் எவ்வளவு நேரம் தட்டச்சு செய்தார் என்று எண்ணும் பகுதியையும் அப்படியே விட்டுவிடலாம். மைக்ரோசாஃப்ட் 2020இல் ‘புரொடக்டிவிட்டி ஸ்கோர்’ என்று தனிநபர் பெயருடன் காட்டி, எதிர்ப்புக் கிளம்பியதும் அதே டிசம்பரில் பெயர்களை எடுத்துவிட்டது. நேர்மாறான உதாரணம் ஃபோக்ஸ்வாகன்: 2011இல் தொழிலாளர் மன்றத்தோடு பேசி, ஷிப்ட் முடிந்த அரை மணியில் ஜெர்மனியில் உள்ள ஊழியர் சிலரின் கைப்பேசிக்கு மின்னஞ்சல் போகாமல் சர்வரையே நிறுத்தும்படி செய்தது.

புகார்ப் பகுதியில் ஒன்றை மட்டும் கறாராகப் பாருங்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013, புகார் கொடுத்தவர் யார் என்பதை வெளியிடுவதைத் தடை செய்கிறது. மென்பொருளின் ‘அட்மின்’ எல்லாவற்றையும் படிக்க முடியும் என்றால், உங்கள் நிறுவனத்தில் அந்த அட்மின் யார்? பல இடங்களில் கணினிப் பிரிவுப் பையன், சில இடங்களில் முதலாளியின் மைத்துனர். புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழுவினர் தவிர வேறு யாருக்கும் திறக்காத பெட்டியாக அது இல்லாவிட்டால், அந்தப் பகுதியை வாங்காதீர்கள். காகிதத்தில் எழுதி உறையில் போடுவதே பாதுகாப்பு.

இனி செய்ய வேண்டியது. மூன்று நிறுவனங்களையும் மறுபடி டெமோவுக்குக் கூப்பிடுங்கள். அவர்கள் தயாரித்து வரும் மாதிரி ஊழியர் வேண்டாம். நீங்கள் நால்வரைக் கொடுங்கள். ஒருவர், எஸ். முருகன், ரேகை தேய்ந்தவர், மூன்று நாள் இயந்திரத்தில் பதியாதவர். இரண்டாமவர், சித்தி இறந்து இன்றும் நாளையும் பதினாறாம் நாளும் விடுப்பு கேட்பவர். மூன்றாமவர், இன்று காலை வேலையை விட்டவர். 2019 ஊதியச் சட்டத் தொகுப்புப்படி இரண்டு வேலை நாளுக்குள் அவர் கணக்கை முடிக்க வேண்டும். நான்காமவர், மூன்று ஆண்டு பத்து மாதப் பணிக்குப் பின் இறந்தவர். நால்வரின் விவரத்தையும் உங்கள் டைம் ஆபீஸ்காரரே உட்கார்ந்து தட்டச்சு செய்யட்டும். விற்க வந்தவர் கையில் மட்டும் மவுஸைக் கொடுத்துவிடாதீர்கள்.